உண்ணிக்குத் தண்ணீர் கட்டிய கதை

என் மனைவி குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலைக்குப் போனபோது எங்கள் மகள் நடை பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆம்பளைகள் வெளிநாடு போவார்கள், பெண்கள் வீட்டைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். டீக்கடையில் என்னை ‘நர்ஸம்மா வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். குத்தகை நிலத்தில் நானும் மாடாய் உழைக்கிறேன் என்பது ஒருவர் கண்ணிலும் படாது. ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். பிறகு பழகிவிட்டது.

மகளை வளர்த்ததில் பாதி நான், பாதி எங்கள் செவலை நாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மனசில் இருப்பதையெல்லாம் அதனிடம்தான் சொல்வாள். போன லீவில் அம்மா வந்திருந்தபோது, “சாப்பிட்டீங்களா? உட்காருங்க” என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். எங்கள் பக்கம் பிள்ளைகள் அப்பாவைத்தான் ‘நீங்க’ என்பார்கள். அம்மா எப்போதும் ‘நீ’தான். மகள் வாயிலிருந்து ‘நீங்க’ வந்ததும் என் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள். மரியாதை இப்படியும் சுடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த லீவு நெருங்கியபோது நாய்க்கு உண்ணி வந்தது. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் மிளகு மிளகாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மகளின் கழுத்தில் கடித்து, அந்த இடம் தடித்துப் போயிற்று. வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. அன்றைக்குக் கடைத்தெரு போன் பூத்துக்கு மனைவி கூப்பிடுவாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

“நான் வர்றதுக்குள்ள நாயை யாருகிட்டயாவது குடுத்துடுங்க.”

“உண்ணியத்தானே ஒழிக்கணும்? நான் ஒழிக்கிறேன்.”

“ஒண்ணே ஒண்ணு என் கண்ணுல பட்டாலும் நாய் வீட்டுல இருக்காது, சொல்லிட்டேன்.”

நாயை அனுப்பிவிட்டால் மகளுக்கு இவள் ஜென்மத்துக்கும் ‘நீங்க’தான்.

நாயைப் பிடித்து உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பழையபடி அப்பிக்கிடந்தது. ஆக, நாயை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை, கொல்லையில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அதுவரை சரி. அதற்குமேல்தான் என் விவசாய மூளை வேலை செய்தது. வயலில் எலி வளை தோண்டினாலும் களை மண்டினாலும் எங்கள் கை மடையைத் தேடித்தான் போகும். கொல்லையைச் சுற்றி வரப்புப் போட்டு, பக்கத்து வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பி, கணுக்கால் அளவுக்கு நிறுத்தினேன்.

“நடவுக்கு ஆள் சொல்லியாச்சா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். நான் வரப்பை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் உண்ணிகள் சாரை சாரையாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. கதவு நிலை, சன்னல் சட்டம், மாதா படத்தின் பின்பக்கம் என்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. காவேரியில் வெள்ளம் வந்தால் நாங்களும் மேட்டைப் பார்த்துத்தான் ஓடுவோம். அந்தப் புத்தி உண்ணிக்கு இருக்காது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“அதுக்கு ஈரமும் நிழலும்தாங்க கொண்டாட்டம். கொல்லையக் காயப் போடுங்க. சுவத்துல இருக்கிற வெடிப்பையெல்லாம் அடைங்க. முட்டை பொரிச்சுப் பொரிச்சு வரும், ஒரு தடவையோட விட்டுடாதீங்க.”

வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தேன். வெயில் இறங்கும்படி வாழையில் தாழத் தொங்கிய மட்டைகளைக் கழித்துவிட்டேன். புல்லைச் செதுக்கினேன். நாய் படுத்துக்கிடந்த பழைய வைக்கோலை வயலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினேன், அதன் சாக்கைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசிச் சுண்ணாம்பு அடித்தேன். மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை அவர்கள் சொன்ன அளவில் கலந்து நாயைக் குளிப்பாட்டினேன். அது காயும்வரை மகளைக் கிட்டே விடவில்லை. புதிதாகப் பொரித்தவை தலைகாட்டியபோது திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

சாயங்காலம் நாயைச் சீவிப் பார்ப்பது மகளின் வேலை. ஒருநாள் சீப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“உண்ணி இருந்தா அம்மா இதை அனுப்பிடுவாங்களாப்பா?”

அன்றைக்குப் பூத்தில் என்னை ஒட்டி நின்று, போனில் அம்மா சொன்னதையும் கேட்டிருக்கிறாள். “இருக்காது பாப்பா” என்றேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

மனைவி திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கினாள். மகள் சிரித்தாள், “வாங்க” என்றாள், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மனைவி பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கைகால் கழுவிக்கொண்டு நேரே கொல்லைப்படியில் போய் உட்கார்ந்து நாயைக் கூப்பிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு அவள் மடியில் தலையை வைத்தது. நர்ஸ் விரல்கள் ரோமத்தைப் பிரித்துப் பிரித்துப் போயின. இடது காதுக்குப் பின்னால் நின்றன.

எட்டிப் பார்த்தேன். கடுகு அளவுக்கு ஒன்று. காலையில் இரண்டு காதையும் நான்தான் பார்த்தேன், கண்ணில் படவில்லை. மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. மனைவி நாயைப் பார்க்கவில்லை. தூணோரம் நின்ற மகளையே பார்த்தாள்.

“முள்வாங்கி எங்க இருக்கு, தங்கம்?” என்றாள்.

மகள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். கேட்காமலே ஒரு கொட்டாங்கச்சியில் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். மனைவி உண்ணியைப் பிடுங்கி அதில் போட்டாள். அது மூழ்கும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மகள் அம்மாவின் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, நாயின் வலது காதைத் தூக்கிப் பிடித்தாள்.

“இந்தப் பக்கம் விட்டுட்டியேம்மா, இங்க பாரு.”

அந்தக் காதில் ஒன்றுமே இல்லை. என் மனைவி குனிந்த தலை நிமிராமல் வெகுநேரம் அதற்குள் தேடிக்கொண்டிருந்தாள்.