மாமியின் வளவில் நின்ற ஜீப்

போன கிழமை என் புருசன் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். பழைய ஜீப் ஒன்று, நாலு சில்லும் இழுக்கிற வகை, விற்பனைக்கு வந்திருக்கிறதாம். வாங்கித் திருத்தி எடுத்தால் ராசா மாதிரி ஓடலாமாம். "இந்த வீடும் வளவும் என்ட பேரில இரிக்கி. ஜீப் உள்ள வந்தா நீங்க வெளியில" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். மனுசன் பாவம், ஒன்றும் விளங்காமல் நின்றார். ஜீப் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஏன் பத்திக்கொண்டு வருகிறது என்று அவருக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார். சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீடு களுதாவளையில். எங்கள் வீடு என்றால் அம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். ஆம்பிளை கலியாணம் முடித்து ஒரு உடுப்புப் பையோடு வந்து இறங்குவார். அப்பா அப்படி வாவிக்கு அக்கரையிலிருந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வந்து இறங்கியவர். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்களைத் திருத்துவது அவருடைய தொழில். அவருடைய தகப்பனின் வீடும் வயலும் அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் மாமிக்குப் போயின. மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் காலமான பிறகு அந்தப் பெரிய வளவில் அவர் தனியே இருந்தார்.

அம்மாவும் மாமியும் பேசுவதில்லை. காரணம் ஒரு வெற்றிலை வட்டா. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவதுதான் எங்கள் ஊர்களில் மரியாதை. அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அம்மாவின் குடிக்காரர், அதாவது தாய்வழிச் சொந்தங்கள், எல்லாரும் திரண்டு போனபோது மாமி வட்டாவை அவர்கள் பக்கம் நீட்டவே இல்லையாம். மறந்தாரா, வேண்டுமென்று செய்தாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "வெத்திலைக் கொடிக்குள்ள பிறந்து வளந்த ஆக்கள் நாங்க. எங்கட குடிக்கு ஒரு வெத்திலை நீட்ட அவக்கு மனம் வரல்ல" என்று அம்மா தொடங்கினால் சோறு ஆறிப்போகும். குடி எங்களுக்குத் தாய்வழி என்பதால் அந்த அவமானத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லித் தந்திருந்தார். அன்று தொடக்கம் மாமி வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். அவர் வாயே திறக்கவில்லை. வளவு அம்மாவுடையது அல்லவா!

இந்த நிலைமையில்தான் அப்பாவுக்கு ஜீப் பைத்தியம் பிடித்தது. பழைய ஜீப் ஒன்று எடுத்துத் திருத்தி ஓடப்போகிறாராம். சனிக்கிழமை விடிந்தால் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அம்மாவுக்குச் சந்தேகம். "நீயும் போ புள்ள. கொப்பா எங்க போறார், யாரோட கதைக்கிறார் எண்டு பாத்துக்கொண்டு வா" என்று என்னையும் பின்னால் ஏற்றிவிட்டார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கார்ட்டூன் பார்க்கிற நேரத்தில் நான் ஓட்டை ஜீப் பார்க்கப் போனேன். முகத்தை உம்மென்று வைத்திருந்த என்னைச் சமாதானப்படுத்த அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு எல்லாரும் ஜீப்பில் போவோம், நான் முன் சீட்டில்.

அந்த வாக்கை நம்பி நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதுதான் பிழையாய்ப் போனது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெட்டைகள் என்னைச் சுற்றி வந்து நிற்பார்கள். "எங்க கா உன்ட ஜீப்?" என்று ஒருத்தி கேட்டால் மற்றவள் பீப் பீப் என்று வாயால் ஹோர்ன் அடிப்பாள். நான் கடித்துக் குதறாமல் விட்டது அவர்களுடைய நல்ல காலம்.

ஏறாவூரில் பார்த்த ஜீப்பின் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு வேப்பங்கன்று ஒன்று வளர்ந்திருந்தது. ஓட்டமாவடியில் ஒன்றுக்குப் புதுப் பெயின்ட் பளபளத்தது. கதவைத் திறந்த அப்பாவின் கையோடு கதவு வந்துவிட்டது. இன்னொன்றுக்குள் இருந்தது தண்ணீர் மெசின் எஞ்சின். அதைத் திருத்தியதே தான்தான் என்று அப்பா அடையாளம் கண்டுகொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு புரோக்கர். "எல்லாம் ஒறிஜினல் சாமான் தம்பி" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வெயிலில் காயவிட்ட அந்த மனுசன் கடைசியாக ஒருநாள் குரலைத் தாழ்த்தி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வளவுக்குள் நீல ஜீப் ஒன்று நிற்கிறது, மாவட்டத்திலேயே அதைப்போல இல்லை, ஆனால் வீட்டுக்காரி விற்கமாட்டாளாம் என்றார். அது மாமியின் வளவு, என் அப்பப்பாவின் ஜீப்!

அம்மாவிடம் சொன்னபோது அவர் எரிந்து விழப்போகிறார் என்று நினைத்தேன். அதிசயமாக, ஜீப் கட்டாயம் வரவேண்டும் என்று நின்றார். "வீடும் வயலும் பொம்புளப் புள்ளைக்கு, சரி. ஜீப் என்ன வீடா? அது மகனுக்குச் சேரவேண்டிய சாமான்." ஆனால் நிபந்தனை உண்டு. வளவுக்குள் போகலாம், வீட்டுக்குள் போகக்கூடாது. பச்சைத்தண்ணியும் வாயில் வைக்கக்கூடாது. அப்பா குடித்தாரா என்று பார்த்துவந்து சொல்வது என் வேலை.

குருக்கள்மடத்தில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி, அதுதான் வாகனங்களையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற தட்டையான படகு, அம்பிளாந்துறையில் இறங்கி மாமி வீட்டுக்குப் போனோம். மாமி ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "உன்ட தகப்பன்ட சாமான் தம்பி. ஓடத் தெரிஞ்சவன் நீ. எடுத்துக்கொண்டு போ" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அப்பா பொனட்டைத் திறந்து பார்த்தார். காபரேட்டர் இல்லை.

"குரங்குதான் கழட்டிக்கொண்டு போயிருக்கும்" என்றார் மாமி.

காபரேட்டர் தேடி மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் இருக்கிற பழைய இரும்புக் கடை எல்லாம் அலைந்தோம். அடுத்த சனிக்கிழமை அதைப் பூட்டினால் பெல்ட் இல்லை. பெல்ட் வாங்கிக்கொண்டு போனால் றோட்டர் இல்லை. அது டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் சுழல்கிற சின்னத் துண்டு, அது இல்லாவிட்டால் எஞ்சின் உயிர் பிடிக்காது. ஒவ்வொரு தரமும் மாமி குரங்கைத் திட்டுவார், அப்பா தலையாட்டுவார். ஏன் அப்பா, குரங்குக்கு என்னத்துக்கு பெல்ட், அரையில் கட்டவா என்று கேட்டேன். "சும்மா இரி மகள்" என்றார். மாமி கவிழ்த்த உரலில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். ஜீப்புக்குக் கீழே கிடந்தபடி அப்பா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். சில நேரம் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். அப்பா வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு நுளம்புக்கடி, தண்ணீர்த் தாகம், தேர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் தாகம் தாங்க முடியவில்லை. அம்மாவின் சட்டமும் மண்ணாங்கட்டியும் என்று மாமியின் அடுப்படிக்குள் புகுந்தேன். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் பழைய சீலைத் துண்டில், ஊதாப் பூப்போட்ட சீலை, ஏதோ கட்டியிருந்தது. அவிழ்த்தேன். காபரேட்டர், பெல்ட், றோட்டர். ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அப்படியே அள்ளிக்கொண்டு ஓடிப்போய் ஜீப்பின் பொனட்டில் கொட்டினேன். "அப்பா, இந்தா உங்கட குரங்கு! மாமிதான் கள்ளி! எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிரிக்காங்க!"

பளார் என்று ஒரு அறை விழுந்தது. எனக்கு!

அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். களவு எடுத்தவர் உரலில் உட்கார்ந்திருக்க, களவைப் பிடித்த எனக்கு அடி. இதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்? நான் கத்தி அழுதேன். மாமி தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. றோட்டரை எடுத்துப் பூட்டினார். சாவியைத் திருப்பினார். சனியன் பிடித்த அந்த ஜீப் முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு எழும்பியது.

மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது மாமி உள்ளே போய் வட்டாவோடு வந்தார். அப்பாவிடம் போகவில்லை. முன் சீட்டில் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்து, பெரிய மனுசருக்கு நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். பத்து வயதுக் குமரிக்கு வெற்றிலையாம், சாப்பிட்டுத் துப்பவா? நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். மாமி கள்ளி, அப்பா அடித்தது, எல்லாம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே "நான் அப்பவே சொன்னன்" என்றார். வட்டா கதை வந்ததும் கை நின்றுவிட்டது.

"உனக்கா நீட்டினா?"

"எனக்குத்தான்."

"ஒரு கையாலயா?"

"ரெண்டு கையாலயும். குனிஞ்சு."

அம்மா உரித்த வெங்காயத்தையே திரும்பவும் உரித்தார். "விசர்ப் பொம்புள" என்றார் பிறகு. யாரைப் பைத்தியம் என்றார் என்று நான் கேட்கவில்லை, மாமியைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பரம திருப்தி.

அடுத்த சனிக்கிழமை காலை அப்பா பழக்கத்தில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். "ஜீப்தான் வந்திட்டே. இனி அங்க என்ன வேலை?" என்றார் அம்மா. ஓம் தானே என்று அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினார். அன்று முழுக்க ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடச் சொல்லிக் கெஞ்சினேன். தேரன்றுதான் முதல் ஓட்டம் என்று சொல்லிவிட்டார். சரி, பொறுத்தது பொறுத்தோம் என்று நானும் பொறுத்தேன். பெட்டைகளையெல்லாம் தேரன்று காலை எங்கள் வேலிக்கரைக்கு வரச்சொன்னேன்.

வந்தார்கள். ஒருத்தி தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் புதுச் சட்டை போட்டு, பூ வைத்து, முன் சீட்டில் ஏறி மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். ஙர்ர் என்றது. மறுகா திருப்பினார். ஙர்ர். வேலிக்கரையிலிருந்து பீப் பீப் என்று ஒரு சத்தம் வந்தது.

அப்பா இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். "றோட்டரக் காணல்ல. அக்காட வளவுக்குள்ளதான் விழுந்திரிக்கும். போய்த்தான் பாக்கவேணும்" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

என் பக்கம் வந்து நின்ற அப்பாவின் சட்டைப் பை எனக்கு நேரே இருந்தது. பை புடைத்திருந்தது. அதற்குள்ளிருந்து சீலைத் துண்டு ஒன்றின் நுனி தெரிந்தது, ஊதாப் பூப்போட்டது.

"அம்மா! அப்பாட பைக்குள்ள இரிக்கி! அவர்தான் கழட்டி வச்சிரிக்கார்! இப்ப பாருங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அடுத்த வளவு நாய் குரைத்தது. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சத்தியமாக அன்று அவருக்கு வீட்டில் இடமில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அப்பாவின் பையைப் பார்த்தார். என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"வாயப் பொத்து. இறங்கி மோட்டார் சைக்கிள்ல ஏறு."

ஏறினேன். அம்மா உள்ளே போய் ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அன்று காலை ஆய்ந்த இளங்கொழுந்து, விடிய முதலே கட்டி வைத்திருக்கிறார். "மாமிட வட்டாவுக்கு எண்டு சொல்லிக் குடு. உன்ட கையால குடு. அவ தண்ணி வெந்நி தந்தா குடி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டார்.

பாதையில் சரியான சனம், எல்லாரும் தேருக்குப் போகிறார்கள். நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். பாதைக்காரர் அப்பாவைக் கண்டு, "என்ன, ஜீப் இன்னும் ஓடல்லையா?" என்று கேட்டார். "இல்ல அண்ணன், ஒரு சாமான் தேடவேண்டி இரிக்கி" என்று அப்பா பையைப் பொத்திக்கொண்டு கூசாமல் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு வேறு.

போகவேண்டுமென்றால் போகவேண்டியதுதானே! அதற்கு ஒரு ஜீப்பை ஓடவிடாமல் பண்ண மூன்று பெரிய மனுசர் எதற்கு? எனக்கு அப்போது விளங்கவே இல்லை. மடியில் கிடந்த அந்த வெற்றிலைக் கட்டை வாவிக்குள் எறிவதா, மாமியின் கையில் கொடுப்பதா என்று அக்கரை வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். கரை வந்தது, கட்டு என் மடியிலேயே இருந்தது. வளவு வாசலில் மாமி வெறுங்காலோடு நின்றார். சனிக்கிழமை இல்லாத அந்த நாளிலும், நாங்கள் வரப்போவது யாரும் சொல்லாமலே தெரிந்ததுபோல.