மூன்றாவது ஆல்பத்துக்கு நான் போட்ட மார்க்

காரைக்கால் கடற்கரையில், அரசலாறு கடலில் சேரும் பக்கமாக, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லோரும் ஒரே இசைக்குழுவின் ரசிகர்கள். உள்ளூர்ப் பையன்கள் மூன்று பேரும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்தும் குழு அது. சினிமாவுக்கு வாசிக்காமல், தாங்களே எழுதி, தாங்களே பதிவுசெய்து, இணையத்தில் வெளியிடுவார்கள். அவர்களை ரசிக்கத்தான் கூடினோம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில், அவர்கள் எப்போது கெட்டுப்போனார்கள் என்று சண்டை போடத்தான் கூடினோம்.

முதல் ஆல்பத்தோடு சரி என்பது மின்துறையில் வேலை பார்க்கும் நண்பரின் கட்சி. இரண்டாவதுதான் உச்சம் என்பது பல் டாக்டரம்மாவின் கட்சி.

"முதல் ஆல்பத்துல இருந்த வோல்டேஜ் ரெண்டாவதுல எங்கங்க இருக்கு?" என்பார் அவர்.

"முதல் ஆல்பம் பால் பல்லுங்க. அழகாத்தான் இருக்கும். விழுந்தாத்தானே நிஜப் பல்லு முளைக்கும்?" என்பார் டாக்டரம்மா.

பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு எழுபது கடந்துவிட்டது. கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். கிதாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்குக் கம்பிகள் உண்டு என்பது மட்டும். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் கடைசி வார்த்தை என்னுடையது. காரணம், அந்தப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தது என் பக்கத்து வீட்டு மாடியில். சத்தம் தாங்காமல் திட்டப் போனவன், ஒரு பாட்டு முடியும்வரை படியிலேயே நின்றுவிட்டேன். அதன்பின் இரண்டு ஆல்பங்களையும் வெளியிடுவதற்கு முன்னால் மதில் மேலே தலையை நீட்டி, "சார், கேக்க வர்றீங்களா?" என்று கூப்பிட்டார்கள். முதல் ரசிகன் என்ற பட்டம் எனக்கு அப்படி வந்தது. ஓய்வூதியத்தைவிட அதில் எனக்குப் பெருமை அதிகம்.

இவர்களில் டிரம்ஸ் வாசித்த பையன்தான் இந்தக் கதைக்கு உரியவன். அவனுடைய அத்தா காரைக்காலில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். மகனுக்கும் அவருக்கும் ஒரு பேச்சு இருந்தது: மூன்றாவது ஆல்பம் வரை பார்ப்பது, அதுவும் எடுபடவில்லை என்றால் துபாயில் இருக்கும் மாமாவின் கடைக்குப் போய்விடுவது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குழு பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போனது. மூன்றாவது ஆல்பம் அங்கே உருவானது. யாரும் மதில் மேலே தலையை நீட்டவில்லை. ஒருநாள் காலை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் வந்ததுபோல எனக்கும் ஒரு லிங்க் வந்தது. "கேட்டுட்டு சொல்லுங்க மக்களே" என்று கூடவே ஒரு வரி. மக்களே! நானும் மக்களில் ஒருவனாகிவிட்டேன்.

முதல் பாட்டைத் திறந்தேன். கடல் இரைச்சல் மட்டும் வந்தது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். ஆரம்பிப்பதாகத் தெரியவில்லை. மூடிவிட்டேன். நான் அந்த ஆல்பத்தில் கேட்டது அவ்வளவுதான்.

இதில் என் தொழிலின் கெட்ட பழக்கமும் ஒன்று உண்டு. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவர்களுக்கு அது தெரியும். முதல் பக்கத்தின் கையெழுத்தைப் பார்த்த உடனே கை தானாக ஒரு மார்க்கை நினைத்துவிடும். மற்றப் பக்கங்களைப் புரட்டுவது அந்த மார்க்குக்குச் சாட்சி தேடத்தான். எனக்குச் சாட்சிகூடத் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் பையனின் அத்தாவே கடற்கரைக்கு வந்தார். எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார். மகனின் கல்லூரி மார்க் பட்டியலோடு ஒரு காலத்தில் என்னிடம் வந்து நின்ற அதே முகம்.

"சார், எனக்குப் பாட்டு தெரியாது. இவங்கள்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க படிச்சவங்க. சொல்லுங்க, பையன் தேறுவானா?"

கூட்டம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. 'நான் இன்னும் கேட்கவில்லை, பாய்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"முதல் ஆல்பம் கடல் தண்ணி. ரெண்டாவது ஆத்துத் தண்ணி. மூணாவது கேன் தண்ணி."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மின்துறை நண்பர் கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டாக்டரம்மா, "சார், இதை நான் குரூப்ல போட்டுக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். பெருந்தன்மையோடு கொடுத்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை. அடுத்து என்ன சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரி ஒரு வாரத்துக்குள் எனக்கு முன்னால் ஊரெல்லாம் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டேன். ஆல்பத்தைக் கேட்காதவர்களும் அந்த வரியைக் கேட்டிருந்தார்கள். கேட்காதவன் சொன்னதைக் கேட்காதவர்கள் பரப்பினார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

துபாய்க்குப் போகும் முன் பையன் சொல்லிக்கொள்ள வந்தான். காபியைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு கோபமே இல்லாமல் கேட்டான்:

"சார், எந்தப் பாட்டு சார் கேன் தண்ணி?"

"பொதுவாச் சொன்னேம்ப்பா."

"இல்ல சார், குறிப்பாச் சொன்னா நல்லா இருக்கும். எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

வாத்தியார் மாட்டிக்கொண்டால் குருட்டாம்போக்கில் ஒரு கேள்வி எண்ணைச் சொல்வார். நானும் சொன்னேன். "அந்த நாலாவது பாட்டு. டிரம்ஸ் கொஞ்சம் அதிகம்."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "நாலாவதுல நான் வாசிக்கவே இல்லீங்களே சார். அவ தனியாப் பாடுனது."

அவனே என்னைக் காப்பாற்றினான். "வெயில் இந்த வருஷம் ரொம்ப சார், இல்லையா?" என்றான். ரொம்பத்தான் என்றேன்.

அவன் போனதும் மூன்றாவது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். அந்தக் கடல் இரைச்சலுக்குள்ளேயே பாட்டு ஆரம்பித்துவிட்டிருந்தது. பாட்டுக் குறிப்பில் போட்டிருந்தது: காரைக்கால்மேட்டு மீனவர்கள் மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கையால் அவன் தட்டியிருக்கிறான். இரைச்சல் விலக விலக அந்தத் தட்டல் மேலே வருகிறது. பொறுமையில்லாதவனுக்குக் கேட்காது. நான் மறுபடியும் கேட்டேன். அவர்கள் செய்ததில் அதுதான் மிகச் சிறந்தது என்று தராசில் நிறுத்துப் பார்த்ததுபோலத் தெரிந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். பாய் எழுந்து நாற்காலி போட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். "உங்களாலதான் சார் அவன் ஒரு வழிக்கு வந்தான். நாங்க சொல்லியிருந்தா கேட்டுருப்பானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எப்படி விடுவித்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? டீயைக் குடித்தேன். நல்ல டீ. வீட்டுக்கு வந்துவிட்டேன். பையன் விமானம் ஏறினான்.

இந்த வருடம் நான்காவது ஆல்பம் வந்தது. டிரம்ஸுக்குப் பதில் கம்ப்யூட்டர். கடற்கரையில் கட்சிகளே கலைந்துவிட்டன.

"மூணாவதுதாங்க உச்சம். நான் அப்பவே சொன்னேன்" என்றார் மின்துறை.

"நீங்களா சொன்னீங்க? முதலாவதோட எல்லாரும் செத்துட்டாங்கன்னுல்ல சொன்னீங்க?" என்றார் டாக்டரம்மா. "அந்தப் பையன் போனதுல இருந்து ஈறு இல்லாத பல்லு மாதிரி ஆடுது. ஏன் போனான் அவன்?"

யாருக்கும் நினைவில்லை. ஊருக்கு மறதி வசதியாக வாய்த்திருக்கிறது. இந்தக் குழு எப்போது கெட்டுப்போனது என்ற கேள்விக்குச் சரியான விடை அங்கே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மூன்றாவது ஆல்பத்தைக் கேட்காமலே குறை சொன்னேன், அதனால்தான் அந்தப் பையன் போனான், தவறு என்னுடையது என்று மூன்றே வரிகளில் எழுதினேன். பாவமன்னிப்போ வசவோ, இரண்டில் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை வேறு.

"சார் ரொம்ப அடக்கமாப் பேசறாரு."

"கேன் தண்ணி நல்ல ஜோக்கு சார். அதை ஏன் கெடுக்கறீங்க?"

"சார் முன்ன மாதிரி இல்ல. ரெண்டாவது ஆல்பம் வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாரு."

"இல்லங்க, மூணாவதுலதான் உச்சம். அதுக்கப்புறம்தான் இறங்கிட்டாரு."

நான் எப்போது கெட்டுப்போனேன் என்பது பற்றி அரைமணி நேரம் விவாதம் நடந்தது. அதற்கும் இரண்டு கட்சிகள். படித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாட்ஸ்அப் குழுவில் டிரம்ஸ் பையனும் இருக்கிறான். எல்லோரும் அடங்கிய பிறகு எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினான். பின்னால் கடைச் சத்தம்.

"சார், படிச்சேன். நீங்க வீட்டுல தடுமாறுனப்பவே எனக்குத் தெரியும் சார், பரவால்ல. ஆனா ஒண்ணு. அத்தா இந்த குரூப்ல இல்லையே."

மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போனேன். இந்தமுறை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன், அது பையனுக்கு அப்போதே தெரியும் என்பதையும். பாய் கேட்டுக்கொண்டே ஒரு புடவையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டீ வரவில்லை.

"கேக்காமயே சொன்னீங்களா?"

"ஆமா பாய்."

"நான் அவன்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பேன், சாரே சொல்லிட்டாரு, சாரே சொல்லிட்டாருன்னு." புடவையை அலமாரியில் வைத்தார். "அவன் ஒரு தடவகூட சொல்லலயே சார், நீங்க கேக்கலன்னு."

என் போனை நீட்டி, முதல் பாட்டை இப்போது போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். பிறகு, போட்டுத் தொலைங்க என்பதுபோல மறுபடி அசைத்தார். போட்டேன். கடல் இரைச்சல் வந்தது. இரண்டு பெண்கள் உள்ளே வந்து புடவை கேட்டார்கள். கொஞ்சம் இருங்கம்மா என்றார். கடைசிவரை கேட்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு அவன் பேசுவான். நீங்க வந்துருங்க. இங்கேயே திரும்பி வர்றியான்னு நான் கேக்கப் போறேன். எதுனாலன்னு அவன் கேப்பான். அதை நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

நாளை வெள்ளிக்கிழமை.