ஐம்பத்தைந்துக்கு நாலு குறைவு

ஐம்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கான குடியிருப்பில், நர்ஸம்மாவும் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவரும் இருவர் பெயரிலும் வீடு வாங்கினார்கள். அவருக்கு அந்த வயது ஆகியிருந்ததால் அவள் வயதை யாரும் கேட்கவில்லை. அவர் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, சங்கச் செயலாளர் வாசலில் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களுக்கு அம்பத்தொண்ணுதான் ஆகுது. சார் போனப்புறம் நீங்க இங்க இருக்க விதியில இடமில்ல. வித்துடுங்க. வாங்கறவங்களுக்கும் அம்பத்தஞ்சு ஆகியிருக்கணும்."

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"போன வருஷம் லிஃப்ட்ல மயங்கி விழுந்தீங்களே, நெஞ்ச அழுத்தி உங்கள எழுப்பினப்போ என் வயசு தெரியலையா?"

அவர் படியிறங்கிப் போனார். மறுநாளே வீட்டை விற்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

சங்கக் கூட்டத்தில் அவள் வீட்டுப் பத்திரத்தையும் சங்க விதிப் புத்தகத்தையும் மேசையில் போட்டாள். "துணை இறந்தா வெளியேறணும்னு இதுல எங்க இருக்கு? படிச்சுக் காட்டுங்க." பக்கம் பக்கமாகப் புரட்டியும் அப்படி ஒரு வரி இல்லை. முணுமுணுத்துக்கொண்டே, 'கருணை அடிப்படையில் தங்க அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள்.

'கருணை அடிப்படையில்' என்பதைக் காகிதம் கிழியுமளவு அடித்தாள். 'அனுமதி'யையும் அடித்தாள்.

"என் வீட்ல நான் இருக்க நீங்க யாரு கருணை காட்ட?"

கையெழுத்துப் போடாமலே எழுந்து வீட்டுக்குப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.