பௌசியா ரீச்சர் போய்ப் பார்த்த வீடுகள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் வந்தபோது நாங்கள் ஆசிரியர் அறையில் இடைவேளைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "ஹனீபா அவர்களின் மனைவி" என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஊர்களில் பெண்களின் மரணத்தை அப்படித்தான் அறிவிப்பார்கள். எந்த ஹனீபா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். இரண்டாம் முறை அறிவித்தபோது வீதியின் பெயரும் சேர்ந்து வந்தது. பாடசாலை அதிபர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நம்மட பௌசியா ரீச்சர்" என்றார். இருதய நோயோடு அவர் கண்டி ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைந்ததை எல்லோரும் அறிந்திருந்தோம்.

அவரிடம் படித்த, அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் பின்னால் வந்த மாணவிகளுக்கு அவருடைய மகள் நுஸ்ரத்தைத் தெரியாது. அந்தப் பிள்ளையைச் சொல்லாமல் ரீச்சரைச் சொல்ல முடியாது.

அவர் மனைப்பொருளியல் கற்பித்தார். நான் கணிதம். என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா என்றே அழைப்பேன். அவருடைய குசினியில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் மிளகாய்ப் பேணி அகப்படும். தகரப் பேணிகள் ஒரு தட்டில், போத்தல்கள் கீழ்த்தட்டில், துணிகள் மடித்து மேசை லாச்சியில். கணவர் ஹனீபா மச்சானும் இரண்டு ஆண் பிள்ளைகளும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கப் பழகியிருந்தார்கள். "இடம் மாறாட்டி கை தேடாது" என்பது ராத்தா அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஆண் பிள்ளைகளுக்குப் பின் நுஸ்ரத் பிறந்தபோது, "இனி இது அவட ஊடு. நாங்க வாடகைக்கு இரிக்கிற ஆக்கள்" என்று சிரித்தார். வீடு பெண் பிள்ளைக்கு என்பதுதானே எங்கள் பக்கத்து வழமை.

மச்சானுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். முன்பெல்லாம் மருந்து, உரம், மண்வெட்டி எல்லாம் வயற்குடிசையான வாடியிலேயே கிடக்கும். யுத்தப் பிரச்சினைகள் தொடங்கியபின் வாடியில் தங்க முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். விட்டுவந்த பொருள் மறுநாள் இருக்காது. ஆகவே எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஒரு நோன்பு மாதத்தில், புல்லைக் கொல்ல அடிக்கும் மருந்தைப் பக்கத்து வயற்காரரோடு பங்கிட்டு, தன் பங்கை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தார் மச்சான். நோன்புக் களைப்பு. போத்தலை எங்கே வைப்பதென்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத வீடு அது. போத்தல் வைக்கும் தட்டில் வைத்தார். அதே தட்டில் நோன்பு திறக்கச் சர்பத்தும் இருந்தது. ஏறக்குறைய ஒரே நிறம்.

நுஸ்ரத்துக்கு மூன்று வயது. சர்பத் எங்கே இருக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

பாடசாலை விடுமுறை. ராத்தா வீட்டில்தான் இருந்தார். பிள்ளைக்கு முதுகு காட்டியபடி கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், அங்கிருந்து அம்பாறைக்கு. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். பிள்ளை சில நாட்கள் உயிரோடு இருந்தாள். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று மட்டும் ராத்தா என்னிடம் சொன்னார்.

ஊர் பேசியது. மனைப்பொருளியல் ரீச்சருடைய வீட்டிலேயே இப்படியா என்று அவர் காதுபடவே கேட்டார்கள். அவர் வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். பாடசாலை தொடங்கிய அன்றே வந்து வகுப்பில் நின்றார். பாடநூலைத் திறக்கவில்லை.

"உங்கட ஊடுகள்ள தம்பி தங்கச்சிர கைக்கு எட்டுற இடத்தில என்னென்ன இரிக்கி? நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் நானும் அந்த வகுப்பில் இருந்தேன். நெசவு வீட்டுப் பிள்ளை ஒருத்தி, நூலுக்குச் சாயம் போடும் காஸ்டிக் சோடா தேயிலைப் பேணியில் இருப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி, மண்ணெண்ணெய் குடிதண்ணீர்ப் போத்தலில் என்றாள். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "எங்கட காக்காட துவக்கு ரீச்சர். ஆணில தொங்குது" என்றாள்.

அன்றிலிருந்து ராத்தா வீடு வீடாகப் போகத் தொடங்கினார். பல நாட்கள் துணைக்கு நானும் போயிருக்கிறேன். விரும்பி வரவேற்றவர்கள் குறைவு. சாய்ந்தமருதில் ஒரு பெண் வாசலை மறித்து நின்று, "முதல்ல உங்கட ஊட்டப் பாருங்க ரீச்சர்" என்றாள். ராத்தா அமைதியாக, "எண்ட ஊட்டப் பாத்துட்டுத்தான் புள்ள வாறன்" என்றார். அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள்.

துப்பாக்கி இருந்த வீட்டுக்கும் போனோம். அந்தப் பிள்ளையின் அண்ணன் ஊர்காவல் படையில் இருந்தான். ராத்தா சொல்லி முடிப்பதற்குள் கோபப்பட்டான்.

"துவக்கப் பூட்டி வெச்சா ராவைக்கு வெடிச் சத்தம் கேக்கக்குள்ள தொறப்பத் தேடிட்டா நிக்கிற? வாறவன் அதுவரைக்கும் காத்துட்டு நிப்பானா? அப்ப இந்தப் புள்ளைகள ஆரு பாக்கிற, நீங்களா?"

"என்னால ஏலாதுதான் தம்பி" என்றார் ராத்தா. "துவக்கு ரவையையாச்சும் வேற இடத்தில ஒசத்தி வைங்க."

"பாப்பம்" என்றான்.

திரும்பி வரும்போது ராத்தா சொன்னார்: "வெளியால வாறத்துக்கு அவர் பயப்புடுறார். உள்ளுக்கு இரிக்கிறத்துக்கு நான் பயப்புடுறன். ரெண்டு பேர்ட பயமும் சரிதான்." அவன் ரவையை மாற்றி வைத்தானா என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை.

வயல் மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்க மரப்பெட்டி வேண்டும் என்று ராத்தா சொல்லி வந்தார். அந்தப் பெட்டிகளை அடித்தது ஹனீபா மச்சான்தான். பழைய பலகைகளைத் தேடி எடுத்து, கொல்லையில் உட்கார்ந்து, யாரோடும் கதைக்காமல் ஒவ்வொன்றாகச் செய்தார். ராத்தா அவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோனார். பெட்டி எதற்கென்று அந்த இருவரும் தமக்குள் கதைத்ததை நான் கேட்டதில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த வீடுகளில் ஒன்றில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு பாயில் சரிந்து ஒரு சின்னப் பிள்ளை எரிந்து போனது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம். ராத்தா அந்த மரண வீட்டில் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்தத் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சன் ரீச்சர். எல்லாத்தையும் ஒசத்தி வெச்சன்" என்றாள். பின்நேரத்து அசர் பாங்கு சொல்லும்வரை ராத்தா அந்தக் கையை விடவில்லை. வெளியே வந்ததும் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாங்க பகல்ல போனம். லாம்பு எரியல்ல. எண்ட கண்ணுல படல்ல."

அதன்பின் மஃரிப் தொழுதுவிட்டு, விளக்கேற்றும் நேரத்திலும் போனார். நெஞ்சு வலி தொடங்கிய பிறகும் போனார். மதிலுக்கு மதில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போவார்.

ஜனாஸா அடக்கிய அன்று, மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பிய பின், ஹனீபா மச்சான் குசினி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். அழுது களைத்த முகம் இல்லை. கேட்பதற்கென்று நெடுநாள் காத்திருந்த முகம்.

"தங்கச்சி, நீங்க அவவோட ஊடு ஊடாப் போனீங்க. அந்தப் போத்தல வெச்சது நான் எண்டு அங்க சொல்லுவாவா?"

"இல்ல மச்சான். 'நாங்க வெச்ச போத்தல்' எண்டுதான் சொல்லுவா. எல்லா ஊட்டிலயும் அப்பிடித்தான்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எனக்கிட்ட அத ஒரு நாளும் சொல்லல்லியே" என்றார். "ஏசியிருக்கலாம். இதையாச்சும் சொல்லியிருக்கலாம்." பிறகுதான் அழுதார்.

அந்தச் சொல்லை ராத்தா ஏன் வீட்டுக்குள் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னால் தானே உடைந்துவிடுவோம் என்று பயந்திருக்கலாம். ஊரெல்லாம் சொல்ல முடிந்ததைப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரிடம் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. ராத்தா போய்விட்டார், மச்சானுக்குச் சேர வேண்டிய அந்தச் சொல்லை நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

அல்லாஹ் அவர்மீது இரக்கம் காட்டட்டும். அவர் உயர்த்தி வைக்கச் சொன்னவற்றை நீங்கள் உயர்த்தி வைத்திருப்பீர்கள், அது போதும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த 'நாங்க' என்ற சொல்லை.