நாலு அங்குலம் ஏற்றப் போனேன்: பாம்பன் பட்டறையில் ஒரு பகல்

இந்தப் பயணத்துக்குக் காரணம் இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்றின் காதுகள். என் மனைவி வளர்மதியின் தங்கை, கடலாடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் மகளுக்கு ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் குலசாமி கோயிலில் காதுகுத்து. அக்காவும் தங்கையுமாக இவர்கள் இரண்டே பேர், உடன்பிறந்த ஆண் கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்கத்து முறை. சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் மடியை நீட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தார்கள். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "தாய்மாமன் இல்லாத பிள்ளைக்கு என் அக்கா மடிதான். அவ வரலேன்னா காதும் குத்தல, ஒண்ணும் குத்தல" என்று போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஊருக்குத் தார்ச்சாலை முடிந்த பிறகு 2.8 கி.மீ. மணல் பாதை. வளர்மதிக்கோ போன வருடம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இடது முழங்காலில் பிளேட் வைத்திருக்கிறது. பைக்கில் காலை மடக்கி உட்கார முடியாது, டிராக்டரில் ஏறவே முடியாது. மாசியில் எங்கள் பிக்கப்பில் போய்ப் பார்த்தோம். பதினோரு வருடப் பழசு, இரட்டைக் கேபின், ஃபோர் வீல் டிரைவ். அதுவும் பாதி வழியில் வயிறு தட்டி நின்றுவிட்டது. மிச்சத்தை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்து நாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். வண்டியின் சஸ்பென்ஷனை உயர்த்த வேண்டும். ராத்திரி பகல் பார்க்காமல் வீடியோ பார்த்ததில் அரை மெக்கானிக் ஆகிவிட்டேன். நாலு அங்குல லிஃப்ட் கிட் மாட்டிய வண்டிகள் மணலில் யானை போலப் போகின்றன. மதுரையில் விசாரித்ததில் கிட், ஷாக் அப்சார்பர், கூலி எல்லாம் சேர்த்து 1,38,000 ரூபாய் என்றார்கள். இந்த வருடம் மிளகாய் எங்களைக் கைவிட்ட விதத்துக்கு அது ஆகாத காரியம். கொஞ்சம் மலிவாக முடியுமா என்று கேட்டு அலைந்தபோது, பாம்பனில் சேசு என்று ஒருவர் இருப்பதாக எங்கள் டயர் கடைக்காரர் சொன்னார். தனுஷ்கோடிக்குச் சாலை போடும் முன்பு மணலிலேயே வேன் ஓட்டியவராம்.

செவ்வாய்க்கிழமை காலை 6.10-க்கு அபிராமத்திலிருந்து கிளம்பினோம். வளர்மதியும் வந்தாள். வண்டி வேலைக்கு என்றால் வரமாட்டாள். பாம்பன் கருவாடு என்றதும் வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். பரமக்குடியில் டீ, இராமநாதபுரத்தில் இட்லி (இரண்டு பேருக்கு 130 ரூபாய், சாம்பார் சுமார், மல்லிச் சட்னி பிரமாதம்). பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. 8.50-க்குப் பட்டறை வாசலில் நின்றோம். எங்கள் மீட்டர் கணக்கில் 109 கி.மீ.

சேசுவுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. ஐஸ் லாரிகளுக்கும் மீன் வண்டிகளுக்கும் ஸ்பிரிங் பட்டை கட்டுவதுதான் முக்கியத் தொழில். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனவர், என்னையும் கூப்பிட்டார்.

"அண்ணே, மணல்ல தட்டுன தழும்பு எங்கன இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். பின் அச்சின் நடுவில், கிரவுன் பல்சக்கரம் இருக்கும் உருண்டையின் அடிப்பக்கம் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருந்தது.

"இது சக்கரத்தோட சேந்த அச்சு. நீங்க ஸ்பிரிங்க நாலு அங்குலம் ஏத்துனாலும் பத்து அங்குலம் ஏத்துனாலும் இந்த உருண்டை இங்கனயேதான் நிக்கும். மேல போறது பாடி மட்டுந்தேன். இத ஒசத்தணும்னா பெரிய டயரு போடணும், அது தனிச் செலவு."

எனக்கு முகத்தில் மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. ஆறு மாதமாக அத்தனை வீடியோ பார்த்தவன், என் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கவில்லை. அப்படியானால் மணலில் போக வழியே இல்லையா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? டயர்ல காத்து எவ்வளவு வச்சிருந்தீக?"

"முப்பத்திரண்டு."

அவர் சிரித்தார். "நாங்க வேன்ல முப்பது பேர ஏத்திக்கிட்டு ஓட்டுனது லிஃப்ட்டுலயா? காத்த இறக்கித்தான். பதினெட்டுக்கு இறக்குங்க, டயரு அகலமாப் படுக்கும், மணல் தாங்கும். டிராக்டர் தடத்துக்குள்ள ரெண்டு சக்கரத்தையும் விடாதீக. ஒரு சக்கரம் நடு மேட்டுல ஏறி வரணும், அப்ப உருண்டை தட்டாது."

ஆனால் வண்டியை உயர்த்தவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பதினோரு வருடச் சுமையில் பின் பட்டைகள் வளைவு போய்ப் படுத்துவிட்டன. அதனால்தான் சைலன்ஸரும் பம்பரும்கூடத் தட்டின. பட்டைகளைக் கழற்றி மறுபடி வளைவு அடித்து, பக்கத்துக்கு ஒரு புதுப் பட்டை சேர்த்தால் ஒன்றரை அங்குலம் ஏறும். முன்பக்கம் பட்டைக்குப் பதிலாக முறுக்குக் கம்பி இருப்பதால் போல்ட்டைத் திருகியே அந்த அளவுக்குக் கொண்டு வந்துவிடலாம். ஒன்றரைதானா என்று எனக்கு மனசு ஆறவில்லை. நாலு அங்குலம் என்ற எண் மண்டைக்குள் ஆணி அடித்தது போல உட்கார்ந்துவிட்டது. பின்பக்கத்தை மட்டுமாவது கூட்ட முடியாதா, பாடி உயர்ந்தால் பார்வைக்காவது நன்றாக இருக்குமே என்று இழுத்தேன்.

சேசு கையைத் துடைத்துக்கொண்டே வளர்மதி பக்கம் பார்த்தார். அவள் காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டிய ஏத்துறது இருக்கட்டும்ணே. மதினி எப்படி ஏறுவாக?"

இப்போதே என் தோளைப் பிடித்து, நான் இடுப்பில் கை கொடுத்துத்தான் ஏறுகிறாள். அவளைக் கூட்டிப் போகத்தான் இந்த வேலையே. அவளால் ஏற முடியாத வண்டியைச் செய்ய நான் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறேன்.

வளர்மதிதான் பேசினாள். "அவரு ஆசப்படி செய்யுங்கண்ணே. இந்தக் காலோட நான் காதுகுத்துக்குப் போகல. தங்கச்சிகிட்ட இந்த வாரம் சொல்லிரலாம்னு இருக்கேன்."

எத்தனை நாளாக இதை மனசில் வைத்திருந்தாளோ. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

"எங்க சொல்ல விட்டீங்க? வாயத் திறந்தா நாலு அங்குலம், நாலு அங்குலம்."

சேசு குறுக்கே வந்து எங்களைக் காப்பாற்றினார். மூலையில் கிடந்த படகுப் பலகைகளை எடுத்து வந்தார், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலக் கனம். எட்டை அடுக்கி, அதன் மேல் வளர்மதியை ஏறச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒன்றை உருவிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். ஏழு பலகையில் சாதாரணமாக ஏறினாள். இறங்கி, யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை ஏறிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல வேணாம்" என்றாள்.

சேசு கேபின் தளத்துக்கு டேப் பிடித்தார். தரையிலிருந்து இருபது அங்குலம். நாலு ஏற்றினால் இருபத்திநாலு. நடுவில் படி வைத்தாலும் ஒவ்வொரு எட்டும் எட்டுப் பலகை உயரம். ஒன்றரை ஏற்றிப் படி வைத்தால் ஏழு பலகைக்குப் பக்கம். அவ்வளவுதான் கணக்கு. ஒன்றரை என்று கதவில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தார். என் லிஃப்ட்டின் அளவை வளர்மதியின் முழங்கால் தீர்மானித்தது. ஆறு மாத ஆராய்ச்சியில் எனக்குத் தோன்றாதது அவருக்கு ஐந்து நிமிடத்தில் தோன்றியது. அந்த மனுஷனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாலை 5.15-க்கு வண்டி கைக்கு வந்தது. நடுவில் கடற்கரை ஓரம் மீன் சாப்பாடு, கருவாடு அரைக் கிலோ, படகு நிழலில் ஒரு குட்டித் தூக்கம். பட்டை வேலை 5,200, நான்கு புது யூ போல்ட் 1,400, கூலி 3,500, வளர்மதி பக்கம் பற்றவைத்த படியும் கைப்பிடியும் 3,150. திரும்பும் வழியில் இராமநாதபுரத்தில் வீல் அலைன்மெண்ட் 700. ஆக 13,950 ரூபாய். போக வர டீசல் சுமார் 1,850.

காதுகுத்து அன்று முதுகுளத்தூர் வழியாகக் கடலாடி 41 கி.மீ., அங்கிருந்து தார்ச்சாலை முடியும் இடம்வரை 19. அங்கே நிறுத்திக் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினேன், எட்டு நிமிடம். ஃபோர் வீலில், இரண்டாவது கியரில், வலது சக்கரத்தை நடு மேட்டில் ஏற்றிப் போனேன். ஒரு வளைவில் பின்பக்கம் புதைந்து நின்றது, ஆக்சிலேட்டரை அழுத்தப் போனேன். "அவசரப்படாதீங்க, பின்னால எடுத்து வாங்க" என்றாள் வளர்மதி. எடுத்து வந்தேன், ஏறிவிட்டது. 2.8 கி.மீ. கடக்கப் பதினேழு நிமிடம்.

பிள்ளை பெரியம்மா மடியில் உட்கார்ந்து, முதல் காதுக்கு ஊரைக் கூட்டியது. இரண்டாவது காதுக்கு உதைத்தது. உதை எல்லாம் இடது முழங்காலில்தான். வளர்மதி அசையவில்லை. தங்கை அழுததைப் பார்த்து எனக்கும் கண் நிறைந்தது, மறைப்பானேன்.

உங்கள் வண்டியை உயர்த்த நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் அடியில் படுத்து எது தட்டுகிறது என்று பாருங்கள். பழைய பட்டைகள் படுத்திருந்தால் அதை நிமிர்த்துவதுதான் மலிவான லிஃப்ட். காலி வண்டி முன்பைவிடக் கொஞ்சம் தூக்கிப் போடும், பழகிவிடும். பெரிய உயர மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கையில் காற்றுப் பம்ப் கட்டாயம் வேண்டும், குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகம் போகாதீர்கள். கடற்கரையில் தடை உள்ள இடங்களில் வண்டியை இறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு எடுக்கும் நாளில் உங்களோடு வரப்போகிறவரையும் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள்.

காதுகுத்து அன்று மாலை 3.40-க்குக் கிளம்பும்போது, சம்பந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வர எனக்கு நேரமாகிவிட்டது. அவளை ஏற்றிவிட வேண்டுமே என்று மணலில் ஓட்டமும் நடையுமாக வந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த வளர்மதி, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"நான் ஏறியாச்சு. நீங்க ஏறுங்க."