ஓன் போர்டு ஹெலிகாப்டர்

பாகூர் டாக்ஸி ஸ்டாண்டில் செல்லக்கண்ணுவோடு சண்டை போடாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் போன வாரம்தான் வண்டி எடுத்தவன். இன்னொருவன் துபாய்க்குப் போய்விட்டான். மற்ற அத்தனை பேரையும் ஏதாவது ஒரு நாள் அவன் வம்புக்கு இழுத்திருக்கிறான். வாடகை வண்டிக்குரிய மஞ்சள் பலகை இல்லாமல் சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வெள்ளைப் பலகை வண்டியை, ஸ்டாண்ட் பாஷையில் ஓன் போர்டை, வாடகைக்கு ஓட்டுகிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. நம்பரைப் படம் பிடித்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிட்டுத்தான் டீ குடிப்பான். "பேருதான் செல்லக்கண்ணு. பார்வை பூரா கொள்ளிக்கண்ணு" என்பார்கள். அவன் காதுபடவே சொல்வார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் அண்ணன் ராமு வேளாங்கண்ணிக்குப் போன வேன் சிதம்பரம் தாண்டிக் கவிழ்ந்தது. ராமு பிழைக்கவில்லை. ஓட்டியவனுக்குத் தூக்கம் இல்லாத மூன்றாவது இரவு அது. கேட்டால் ஓன் போர்டு. வாடகைக்குப் போனதால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். அந்த வேனில் அண்ணனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது செல்லக்கண்ணுதான். இதை ஸ்டாண்டில் யாரிடமும் அவன் சொன்னதில்லை. ஸ்டெல்லாவுக்குத் தெரியும்.

ஸ்டெல்லா அவன் மனைவி. கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மணப்பெண் அலங்காரத்தில் அவள் கை பேசும். தை மாதத்தில் அவளுக்குப் பெரிய அழைப்பு வந்தது. கரும்புக்காரர் புகழ்வேந்தனின் மகள் பிரியதர்ஷினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வில்லியனூர். பெண்ணழைப்புக்குக் கார் இல்லை, ஹெலிகாப்டர். இருபது கிலோமீட்டர்தான். பெண் இறங்கும்போது முடி கலைந்திருக்கக் கூடாது என்பதால் ஸ்டெல்லாவும் கூடவே பறக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் செல்லக்கண்ணு கேட்ட முதல் கேள்வி, "மஞ்ச போர்டா, ஓன் போர்டா?"

"ஹெலிகாப்டருக்கு இன்னாய்யா போர்டு? வாலுல எலுமிச்சம்பழம் தொங்குமானு கேளேன்."

"வாடகைக்கு ஓடுற எல்லாத்துக்கும் போர்டு உண்டு."

மூன்று நாள் போனைத் தோண்டினான். அவன் சொன்னது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. காசு வாங்கி ஆள் ஏற்ற கம்பெனிக்குத் தனி பெர்மிட் வேண்டும். எந்தெந்த வண்டி ஓட்டலாம் என்று ஒவ்வொன்றின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். சும்மா சொந்தமாய் வைத்திருக்கிற பணக்காரன் தன் ஹெலிகாப்டரை வாடகைக்கு விடக் கூடாது. செல்லக்கண்ணுவுக்கு உள்ளுக்குள் ஒரு வெறி ஏறியது. ஆகாயத்திலும் ஓன் போர்டு ஓடுகிறது!

ஸ்டெல்லா தடுத்தும் கேட்காமல் அவளோடு புகழ்வேந்தன் வீட்டுக்குப் போனான். ஹெலிகாப்டரை ஏற்பாடு செய்த டவுன்காரன் குமரவேல் அங்கே போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான். நீல வண்டி. பளபளப்பு.

"பெர்மிட்டு பாக்கலாமா?" என்றான் செல்லக்கண்ணு.

"இது இன்னா ஷேர் ஆட்டோவா?" குமரவேல் சிரித்தான்.

புகழ்வேந்தன் சிரிக்கவில்லை. "வண்டி ஓட்டுறவன் என் வூட்டுக்குள்ள வந்து பேப்பர் கேக்குறான் பாரு. வயல்ல எறக்க ஏத்த பர்மிஷன் வாங்கியாச்சுடா. உனுக்கு இன்னா?"

"அது வயலுக்கு வாங்குனது அண்ணே. நான் வண்டிக்குக் கேக்குறேன். என் பொண்டாட்டி ஏறுறா இல்ல?"

"ஏறச் சொல்லி நான் கெஞ்சுனனா?"

குமரவேல் சலித்துக்கொண்டே பெர்மிட்டின் படத்தையும் நீல வண்டியின் படத்தையும் ஸ்டெல்லாவின் போனுக்கு அனுப்பினான். பெர்மிட்டில் மூன்று வண்டிகளின் எண்கள். நீல வண்டியின் வாலில் இருந்ததோ வேறொரு எண்.

"இது இதுல இல்லியே," என்றாள் ஸ்டெல்லா. அவளே சொன்னதில் செல்லக்கண்ணுவுக்கு ஒரு திருப்தி.

"அந்த மூணும் சர்வீசுக்குப் போயிருக்கு அக்கா. இது ஓனரோட ஃப்ரெண்டு வண்டி."

ஃப்ரெண்டு வண்டி. சோதனையில் மாட்டும் ஒவ்வொரு ஓன் போர்டுக்காரனும் சொல்வது அதைத்தான். வீட்டில் செல்லக்கண்ணு அதை விதவிதமான குரலில் நடித்துக் காட்டி ஸ்டெல்லாவுக்குப் புளித்துப் போயிருந்தது. ஆனால் இப்போது அவள் சிரிக்கவில்லை.

"காலையில பனி அடைச்சிக்கினா, பைலட்டு வரமாட்டேன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"சொல்லமாட்டாரு அக்கா. நாம சொன்ன நேரத்துக்கு எடுத்துடுவாரு. அதுக்குத்தானே இவர புடிச்சது."

ஸ்டெல்லா மேக்கப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு தூணோரம் நின்ற பிரியதர்ஷினியையும் பார்த்துச் சொன்னாள், "நான் ரோட்டுல முன்னாடியே போய் அங்க நிக்கிறேன். இதுல ஏறமாட்டேன். பாப்பா, நீயும் ஏறாத."

கூடத்தில் யாரோ வாழைத்தாரைக் கீழே போட்டார்கள்.

"கல்யாண வூட்டுல நின்னுக்கினு என் பொண்ண ஏறாதன்றியா?" புகழ்வேந்தன் எழுந்துவிட்டார். "ரெண்டு பேரும் எழவு சொல்ல வந்தீங்களா? டவுன்ல ஆளா இல்ல? போங்கடா வெளிய!"

பிரியதர்ஷினி, "ஆன்ட்டி..." என்று ஆரம்பித்து அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வருடம் செல்லக்கண்ணுவின் வண்டியில் போனவள் அவள்.

வீடு திரும்பியதுமே செல்லக்கண்ணு நீல வண்டியின் படத்தையும் பெர்மிட்டையும் விமானத் துறையின் முகவரிக்கு அனுப்பினான். உங்கள் புகார் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அதற்குள் ஊருக்கும் சேதி போய்விட்டது. அதே வாரத்தில் இரண்டு கல்யாண வீட்டார் ஸ்டெல்லாவை வேண்டாம் என்றார்கள். அபசகுனம் பேசுகிறவள் கையால் பொட்டு வைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஸ்டாண்டில் செல்லக்கண்ணுவைப் பார்த்தால் டிரைவர் பாக்யராஜ் இரண்டு கையையும் விரித்துச் சுழன்று, "ஃப்ரெண்டு வண்டிப்பா, வுட்டுடு!" என்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை. ஏழு மணிக்கு ஹெலிகாப்டர் கிளம்ப நேரம் குறித்திருந்தார்கள். ஏரி மேல் பனி இன்னும் கலையவில்லை. பார்லர் வாசலில் ஸ்டெல்லா பெருக்கிக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு வண்டியில் சாய்ந்து நின்றான். அறுவடையான வயல் பக்கமிருந்து சத்தம் கிளம்பியது. தெருவே வெளியே ஓடிவந்தது. வெண்மைக்குள்ளிருந்து நீல வண்டி மேலே வந்து, ஏரிக்கு மேலே திரும்பும்போது ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

"சாயுது பாரு," என்றான் செல்லக்கண்ணு. "சாயுது பாரு, சாயுது பாரு!"

அந்தக் குரல் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்த குரல். ஓன் போர்டு ஒன்று சோதனையில் மாட்டினால் வரும் குரல். அவள் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

வண்டி நிமிர்ந்தது. வடக்கே போய்ப் பனிக்குள் மறைந்தது.

பதினைந்து நிமிடத்தில் ஸ்டாண்ட் குரூப்பில் படம் வந்தது. வில்லியனூர் மைதானம். பிரியதர்ஷினி படியில் நின்று கை அசைக்கிறாள். ஒரு முடிகூடக் கலையவில்லை. கீழே பாக்யராஜ் எழுதியிருந்தான்: "செல்லக்கண்ணு அண்ணே, மஞ்ச பெயிண்டு எடுத்துக்கினு சீக்கிரம் வா."

செல்லக்கண்ணு போனைப் பைக்குள் போட்டான். "இன்னிக்கு ஒண்ணும் ஆவல," என்றான். "அவ்ளோதான்."

"அந்தப் பொண்ணு உள்ள இருந்துச்சு," என்றாள் ஸ்டெல்லா.

"நான் இன்னா சொன்னேன் இப்ப?"

"உன்ன ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு. அது வுழுந்திருந்தா உனுக்கு நிம்மதியா இருந்திருக்கும், இல்ல?"

"இல்ல" என்று சொல்ல அவன் வாயெடுத்தான். சொல்லவும் செய்தான். ஆனால் அது வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதுவரை ஸ்டெல்லா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு உள்ளே போய், பார்லர் ஷட்டரைத் தரைவரை இழுத்துவிட்டாள். அவன் வெளியேதான் நின்றிருந்தான்.