கோமதியின் முதல் வாய்ச் சோறு

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃப்ளாட் தீபா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி.

"ஆன்ட்டி, இவனுக்கு எப்போ சாப்பாடு ஆரம்பிக்கலாம்?"

தீபா ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். லீவு முடியப்போகிறது. பையனுக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. நாலு மாதத்திலேயே ராகி கொடுத்திருக்கணும் என்கிறாராம் அவள் அம்மா. கோயிலில் சோறூட்டின பிறகுதான் எல்லாம் என்கிறாராம் மாமியார். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்கிறாராம் டாக்டர். கணவன்? மூன்று பேருக்கும் தலையாட்டுகிறானாம்!

"நீங்கதான் பத்திரிகையில எல்லாம் எழுதறீங்களே... நீங்க சொல்லுங்க ஆன்ட்டி."

பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. கூடுவாஞ்சேரிக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்றுகூட என்னைக் கேட்கிறார்கள்.

"டாக்டர் சொல்றபடி செய்ம்மா" என்று சொல்லி அனுப்பினேன். சரியான பதில்தான். ஆனால் அவள் போன பிறகு, காப்பி ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இதே கேள்வி ஒரு காலத்தில் என் நெஞ்சை அறுத்திருக்கிறது. என் குழந்தைக்காக அல்ல...

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் திருக்கழுக்குன்றத்தில் குடியிருந்தோம். ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு குடித்தனம். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. பக்கத்துக் குடித்தனத்து முருகேசனுக்கும் அதே ஆபீஸ். அவர் மனைவி செல்வி. இருவரும் திருநெல்வேலிப் பக்கம்.

செல்விக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. "நீங்க பக்கத்துல இருக்கியள்லா... எனக்கு அது போதும்க்கா" என்றாள். என் மகன் அருண் பிறந்து நாலு மாதம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கோமதி என்று பெயர் வைத்தாள்.

கோமதிக்கு இரண்டு மாதம் முடிகிற சமயத்தில் செல்விக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். தலை வலிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை என்று அவள் சொன்னதும் முருகேசன் ஆட்டோ கூட்டி வந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"பசிச்சா ரொம்ப அழுவாக்கா. சாயங்காலத்துக்குள்ள வந்துருதேன்."

வரவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் செல்வி இல்லை.

பெரியவர்களுக்கு அழத் தெரியும். விஷயத்தைச் சொல்லி அழுவோம், அழுது களைத்துப் போவோம். இரண்டு மாதக் குழந்தைக்கு என்ன தெரியும்? பசிதான் தெரியும். பாட்டிலை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பியது. சங்கில் புகட்டிய பவுடர் பாலைக் கக்கியது. உள்ளே போன கொஞ்சமும் வயிற்றுப்போக்காகப் போனது.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் இன்னும் வீடு திரும்பாத நேரம். எங்கள் வீட்டுக்காரம்மா கன்னியம்மா கோமதியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா பாத்துகினு கீறே? கத்திக் கத்திக் கொயந்தைக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு. உன்கிட்டதான் பால் கீதே!"

எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அடுத்தவர் குழந்தைக்கு நானாக எப்படி... அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? அப்படித்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா தயங்கவில்லை. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கோமதி முதலில் முகத்தை வைத்துத் தேடினாள். வாசனை வேறு அல்லவா? ஒரு நிமிடம் விலகினாள். பிறகு பசி வென்றது. அவள் குடிக்கக் குடிக்க, நான் சத்தம் வராமல் அழுதேன். இது செல்விக்கு உரிய இடம் என்ற நினைப்பு போகவே இல்லை.

குழந்தை டாக்டர் என் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "தாராளமா கொடுங்க. இதைவிட நல்லது எதுவும் இல்லை" என்றார். அப்புறம் அது வீட்டு வழக்கமாகிவிட்டது. முருகேசன் குழந்தையைக் கொண்டுவந்து வாசலில் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுவார். கன்னியம்மா குரல் கொடுத்த பிறகுதான் திரும்புவார். "வாரேன் மதினி" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். அந்த மனிதர் அந்த மாதங்களில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கன்னியம்மாவுக்கு என் உடம்பைப் பற்றித்தான் கவலை. "ரெண்டு புள்ள குடிக்குது. நீ கோயி கொத்துற மாதிரி துன்றே!" என்று சொல்லி, பால் சுறா வாங்கிப் புட்டு செய்து எதிரில் உட்கார்ந்து தின்னவைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து பேச்சியக்கா வந்தார். முருகேசனின் அக்கா. கல்யாணமாகிப் பல வருடங்கள், குழந்தை இல்லை. கோமதியை அவர் வளர்ப்பது என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. தப்பில்லையே? முருகேசன் ஆபீஸ் போய்க்கொண்டு கைக்குழந்தையை ஒற்றை ஆளாக எப்படி வளர்ப்பார்?

ஒரே ஒரு தடை. குழந்தை என் பாலைத் தவிர வேறெதையும் தொடாது.

"சோறு திங்கப் பழகிட்டாள்னா நாங்க கூட்டிட்டுப் போயிருவோம் தங்கச்சி. ஒனக்கும் செரமம் தீந்துரும்" என்றார் பேச்சியக்கா.

சிரமமா? நான் எங்கே சிரமம் என்று சொன்னேன்?

எந்த மாதத்தில் சாப்பாடு ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அர்த்தமே வேறு. கோமதி சாப்பிட்டால் போய்விடுவாள். சாப்பிடாவிட்டால் இருப்பாள். அவ்வளவுதான்.

நாலு மாதம் முடிந்த மறுநாளே பேச்சியக்கா கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, கூழ் காய்ச்சிவிட்டார். குழந்தையை மடியில் போட்டு ஸ்பூனால் ஊட்டினார். கோமதி நாக்கால் வெளியே தள்ளினாள். மறுபடி ஊட்டினார். மறுபடி தள்ளினாள். தாடையெல்லாம் வழிந்தது.

"துப்புதாளே... எங் கையில என்ன வெசமா இருக்கு?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! அந்த அம்மாள் அழுவதைப் பார்த்துக்கொண்டே எனக்கு நிம்மதியாக இருந்தது. மனசு எப்படிப்பட்ட வஸ்து பாருங்கள்...

குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று பயந்து, இருவருமாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் சிரித்தார்.

"நாக்கு வெளியே தள்ளினா, இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். கழுத்து நல்லா நிக்கணும். பிடிச்சு உக்கார வெச்சா உக்காரணும். நீங்க சாப்பிடறதைப் பார்த்து அவளே வாயைத் திறக்கணும். அதுவரைக்கும் தாய்ப்பால் போதும். ஆறு மாசம்கூட ஆகட்டுமே, என்ன அவசரம்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம். உட்கார ஒரு இடம்தான் கிடைத்தது. பாதி வழியில் கோமதிக்குப் பசி. சுற்றிலும் ஆண்கள். நான் என்ன செய்வது என்று விழித்தபோது, நின்றுகொண்டிருந்த பேச்சியக்கா தன் முந்தானையை விரித்துத் திரைபோலப் பிடித்தார்.

"நான் மறைச்சுக்கிட்டு நிக்கேன். நீ பிள்ளைக்குக் குடு."

பஸ் குலுங்கியது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் முந்தானையையும் பிடித்தபடி ஊர் வரும்வரை நின்றார். இறங்கி நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"எங்கிட்ட அவளுக்குக் குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. ஒரு வாய்ச் சோறாவது எங் கையால மொதல்ல திங்க மாட்டாளான்னு இருக்கு."

அதன் பிறகு அவர் அவசரப்படவில்லை. எங்களோடு ஒருவராக இருந்துவிட்டார். கோமதியைக் குளிப்பாட்டுவார், தூங்கவைப்பார், பசித்தால் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஆறு மாதம் நெருங்கிய ஒரு மதியம். பேச்சியக்கா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கோமதியை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, அருணுக்குப் பருப்பு சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்தான். கூடவே இவளும் திறந்தாள்.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த உருண்டையை எடுத்தேன். கோமதி என் கையையே பார்த்தாள், முன்னால் சாய்ந்தாள், இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வாய் திறந்தபடியே இருந்தது.

டாக்டர் சொன்ன நேரம் வந்துவிட்டது.

விரல் நுனியில் மசித்த சோறு இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு சின்ன வாய்... கொடுத்திருக்கலாம். இத்தனை மாதம் பால் கொடுத்தவளுக்கு அந்த உரிமை இல்லையா? கை அவள் உதடு வரைக்கும் போயிற்று.

ஆனால் கொடுக்கவில்லை.

"அக்கா! கையை நல்லாக் கழுவிட்டு வாங்க. சீக்கிரம்!"

பேச்சியக்கா ஈரப் புடவையோடு ஓடி வந்தார். தனிக் கிண்ணத்தில் உப்பில்லாமல் சோறும் பருப்பும் நெய்யும் மசித்துக் கொடுத்தேன். கோமதியை அவர் மடிக்கு மாற்றினேன். விரல் நுனியில் துளி எடுத்து வாயில் வைத்தார். கோமதி சப்பினாள், யோசித்தாள், விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

"தின்னுட்டா... தங்கச்சி, தின்னுட்டா!" பேச்சியக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

நான் சமையலறைக்குள் போய், ஏற்கெனவே துலக்கி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி துலக்கினேன்.

கொஞ்ச நாளில் கஞ்சி, மசித்த வாழைப்பழம், இட்லி என்று பழகிவிட்டாள். டம்ளர் பாலும் குடித்தாள். ஒரு சாயங்காலம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். பெண்கள் அறையில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை பால் கொடுத்தேன். குடித்தபடியே தூங்கிப்போனாள். பேச்சியக்கா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முருகேசன் அருணைத் தூக்கி வைத்துக்கொண்டு, ரயில் வரும்வரை இறக்கவே இல்லை. ரயில் நகர்ந்தபோது கோமதி விழிக்கவில்லை. நல்லவேளை.

அவள் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உடம்புக்கு யார் சொல்வது? அது வழக்கம்போல இரண்டு குழந்தைகளுக்குச் சுரந்தது. அருணோ இட்லி தின்கிறவனாகிவிட்டான். பால் கட்டி, மார் கல்லாகி, காய்ச்சல் வந்து படுத்தேன். கன்னியம்மா மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து வைத்துக் கட்டிவிட்டார்.

"பூ கட்னா வத்திடும்மா. நீ அயுதுடு. அயுதுட்டா அதுவும் வத்திடும்."

பால் வற்றியது. மற்றது அவ்வளவு சுலபத்தில் வற்றவில்லை.

முருகேசன் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு மாநிலம் போனார். மறுமணம் செய்துகொண்டார். கோமதி பேச்சியக்காவிடமே வளர்ந்தாள். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது சுற்றுலா பஸ்ஸில் மாமல்லபுரம் வந்தார்கள். போன் செய்து என்னையும் வரச் சொன்னார் பேச்சியக்கா. கடற்கரையில் பார்த்தேன். இரட்டை ஜடை, முன்பல் இரண்டு இல்லை. "அம்மா, மாங்கா வாங்கித் தாங்க" என்று பேச்சியக்காவின் புடவையை இழுத்தாள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பேச்சியக்கா என் கையை இறுகப் பிடித்தார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. நாந்தான் பெத்தேன்னு நெனச்சிட்டிருக்கா."

வருத்தமாகத்தான் இருந்தது. எனக்காக அல்ல. செல்வி என்று ஒருத்தி இருந்ததே அந்தக் குழந்தைக்குத் தெரியாது!

"என்னைப் பத்திச் சொல்ல வேண்டாம்க்கா. செல்வியைப் பத்தி மட்டும் சொல்லிடுங்க."

"சொல்லுதேன். தாங்குத வயசு வரட்டும்."

எந்த வயது அது?

போன மாதம் போன் வந்தது. "சொல்லிட்டேன் தங்கச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன்னையும் சேத்துதான். கொஞ்ச நாள் எங்கிட்ட பேசவே இல்ல. அப்புறம் அவளா வந்து மடியில படுத்துக்கிட்டா... இந்தா, ஒங்கிட்ட பேசணும்னு நிக்கா."

அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"எங்கம்மா எப்படி இருப்பாங்க?"

சொன்னேன். உயரம், மாநிறம், கொஞ்சம் முன்னால் நீண்ட பல்வரிசை, சட்டென்று வருகிற சிரிப்பு. எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு கேள்வி.

"உங்க பையன் பேரு என்ன?"

"அருண்."

"அண்ணனுக்கு என்னைத் தெரியுமா?"

கன்னியம்மாவின் கவலை, பேச்சியக்காவின் ஏக்கம், என் வலி... எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பால் குடித்த அந்தப் பையனிடம் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை!

அருண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மா எழுதுவதைப் படிக்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. இந்த வாரம் மட்டும் படிக்கச் சொல்ல வேண்டும்.